பதினேழாம் பெட்டி

கிணற்றில் மிதந்தான் ரியாசுதீன்!

அது திங்கட்கிழமை. இன்று வியாழன்.

உத்தமபாளையத்துத் தோட்டத்து வீட்டின் உள்ளறையில் இத்தா இருந்தாள் அவன் மனைவி சமீனா. புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது. வெளி ஆண்கள் உள்ளே வரக் கூடாது. அழுது அழுது அவள் கண்கள் கோவைப்பழமாகிவிட்டன.

எதிரே எஸ்.ஐ. அக்கம்மாள். நடுவில் லேப்டாப்.

"தவறி விழுந்தாருன்னு எழுதி ஃபைல மூடிரவாம்மா?"

"மூடாதீக மேடம்! பதினேழாம் பெட்டி எங்க?"

புருஷனும் பெண்டாட்டியும் திராட்சைப் பந்தலின் கல்தூண்களில் மாட்டிய நாற்பது பெட்டிகள். மண்ணின் ஈரத்தை அளந்து காற்றிலேயே சேதி அனுப்புபவை. கிணற்றடியில் இருந்த பதினேழை மட்டும் திங்கள் முதல் காணவில்லை!

"கிணத்துல கெடக்கும்."

"தண்ணிய எறச்சுப் பாத்தாச்சே..."

"இந்த மிஷின்ல தெரியாதா?"

"நாப்பதும் எந்நேரமும் கத்துனா பேட்டரி ரெண்டே நாள்ல காலி மேடம். அதுனால பத்துக்கு ஒரு நாட்டாமைப் பெட்டி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, 'பக்கத்துல யாரு?'ன்னு அது கேக்கும். மத்தது முழிச்சு, பேரச் சொல்லிட்டுத் தூங்கிரும். அத வச்சே எது பக்கத்துல எதுன்னு படம் விழுந்துரும். எல்லாம் அவுக யோசனை..."

மேசைப் பக்கம் கை காட்டினாள்.

"இந்தா, மேசையில இருக்கதும் ஒரு நாட்டாமைதான்."

கதவு திறந்தது. அண்ணன் தௌபீக்! பக்கத்துத் தோட்டத்துக்காரன். தோளில் பை, கையில் கஞ்சி.

"மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல. குடிம்மா."

வாப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே அவன்தான். ரியாசை மாப்பிள்ளையாகப் பார்த்தவனும் அவனே. அவன் தோளில் சாய்ந்து கதறினாள்.

பீப்!

திரையில் புதிதாக ஒரு கோடு. மேசைப் பெட்டிக்குப் பக்கத்தில்... பதினேழு!

சமீனா விலகினாள்.

"பையில என்னண்ணே?"

கஞ்சி தரையில் கொட்டியது. அக்கம்மாள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். பழைய துண்டுக்குள் பதினேழாம் பெட்டி!

"லைட்டே எரியல... செத்துருச்சுன்னு நெனச்சேன். தூண்லயே திரும்ப மாட்டிரலாம்னு..." தௌபீக் சுவரோடு ஒதுங்கினான்.

"அவுகள ஏண்ணே கொன்ன?"

"முறை இல்லாத நாள்ல நான் வாய்க்கால்ல குழாய் போட்டு ஊர்த் தண்ணிய எடுத்தேன். குழாய் கசிஞ்சு கிணத்தடி மண்ணு ஈரமானத இந்தப் பெட்டி காட்டிக் குடுத்துருச்சு. ஊர்ல சொல்லிருவேன்னாரு மாப்ள. தள்ளத்தான் செஞ்சேன்! நீச்சல் தெரியாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

"தெரியும்ணே. நிக்காஹ் அன்னிக்கு, 'நீந்தத் தெரியாத மாப்ள'ன்னு சபையில கேலி பண்ணுனதே நீதான."

விலங்கு மாட்டினாள் அக்கம்மாள். வாசலில் தௌபீக் திரும்பினான்.

"சமீனா... என்னப் பாக்க வருவியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மாசம் பத்து நாள்ல நான் வெளிய வந்துருவேன்ணே. நீ...?"