ஜீப்பின் நான்கு மூடிகள்

மாட்டு டாக்டரின் ஜீப்பில் இன்னொரு விளக்கு மூடியும் காணாமல் போயிருந்தது. முதலில் நான்கு இருந்தன. இப்போது இரண்டுதான் மிச்சம்.

அதை முதலில் கவனித்தவள் சி.ஐ.டி. அது அவளுடைய பெயர் அன்று. தெரு வைத்த பட்டம். ஒரு துடைப்பம் இடம் மாறியிருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஜீப்பின் கூரையில் நான்கு பெரிய விளக்குகளைப் பொருத்தியவர் பட்டறை நடத்தும் அவளுடைய அத்தை. மலைக்குப் போய்வந்ததும் டாக்டர் ஜீப்பை அங்கேதான் விடுவார். மாட்டுக்கொட்டில்கள் இருக்கும் மலைப்பாதையில் தெருவிளக்கு கிடையாது; அங்கே அவற்றை எரிக்கலாம். பொதுச்சாலைக்கு வந்ததும் அணைத்து, கறுப்பு மூடிகளைப் போட்டுவிட வேண்டும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சட்டம் அது.

வெள்ளிக்கிழமை வண்டி ஆய்வாளர் வருகிறார். ஒரு மூடி குறைந்தாலும் விளக்குகளைக் கழற்றச் சொல்லிவிடுவார். அப்புறம் இருட்டில் ஒரு பசு கன்று ஈனத் தவித்தால், டாக்டர் எப்படி மலையேறுவார்?

"வண்டிய இங்க விடும்போது நாலும் இருந்துச்சே" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால், அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. தன் பட்டறையில் திருட்டா?

அத்தையின் சந்தேகம் எதிர்க்கடைமீது பாய்ந்தது. அந்த விளக்குகளைத் தாமே பொருத்த வேண்டும் என்று ஆசைப்பட்டவர் டயர்க்கடைக்காரர். அத்தை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவரையே முறைத்தார். அவரும் சளைத்தவர் அல்லர்.

"என்னை ஏம்மா முறைக்கிற? நாள் பூரா ஜீப்பையே சுத்திச் சுத்தி வருதே உன் மருமக, அதைக் கேளு."

சி.ஐ.டி.க்குச் சுருக்கென்றது. துப்பறிகிறவள்மீதே சந்தேகமா? திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த இரண்டு மூடிகளின் விளிம்பிலும் கறுப்புக் கிரீஸைத் தடவி வைத்தாள். எடுத்தவன் கை கறுத்துப்போகும். அத்தோடு கதை முடிந்தது.

மாலையில் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். ஜீப் பட்டறையில் நின்றது. அதில் ஒரே ஒரு மூடி.

உடனே கைகளைச் சோதிக்கத் தொடங்கினாள். டயர்க்கடைக்காரரின் கை கறுப்பு. சைக்கிள் கடைக்காரரின் கையும் கறுப்பு. அத்தையின் கை முழங்கைவரை கறுப்பு. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், அதிலும் கறுப்பு. தெரு முழுவதும் பட்டறைகள் இருக்கும் இடத்தில் கிரீஸால் பொறி வைத்தால் வேறென்ன நடக்கும்?

அப்போது, மறந்துவிட்ட மருந்துப் பையை எடுக்க டாக்டர் திரும்பி வந்தார்.

"டாக்டர் மாமா, உங்க வயித்துல என்ன வட்டம்?"

டாக்டர் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கோட்டின் நடுவில், அச்சில் வார்த்ததுபோல் ஒரு கறுப்பு வட்டம். சி.ஐ.டி. மிச்சமிருந்த மூடியைக் கழற்றி, அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

"கன்னுக்குட்டி தண்ணி இல்லாம நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நின்னுச்சு" என்றார் டாக்டர், யோசித்து யோசித்து. "கைக்கு எதுவோ கிண்ணம் மாதிரி அகப்பட்டுச்சு. வயித்தோட அணைச்சு எடுத்துட்டுப் போயி, தண்ணி ஊத்திக் குடுத்தேன். அப்புறம்... அங்கயே வச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கு. அப்படின்னா போன தடவையும்..."

அவருடைய காது சிவந்துவிட்டது. டயர்க்கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சி.ஐ.டி. முந்திக்கொண்டாள்.

"நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கு. நாளைக்குக் காலையில போய் எடுத்துக்கலாம். ஆனா கன்னுக்குட்டிக்கு வேற கிண்ணம் வேணும்."

சொல்லிவிட்டு, நேராகத் தெருவைக் கடந்து டயர்க்கடைக்குப் போனாள். அத்தையும் பின்னாலேயே போனார். இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு அவள் கிண்ணத்தையும் கேட்டாள்.

"திருடன்கிட்டயே கிண்ணம் கேக்குறியா?" என்றார் அவர். ஆனால், கை அதற்குள் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தது. பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டி, இரண்டு சின்னத் தொட்டிகள் செய்தார். ஒன்று கொட்டிலுக்கு, மற்றொன்று, டாக்டரின் மறதிக்கு.

மறுநாள் கொட்டிலிலிருந்து மூடிகளை எடுத்தபோது, கன்று சி.ஐ.டி.யைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய பிறகே அதன் சந்தேகம் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். நான்கு மூடிகளையும் தட்டிப் பார்த்தார். விளக்குகளுக்கென்று தனி விசை இருக்கிறதா என்று பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. கடைசியில், ஜீப்பின் பின்னால் கயிற்றில் தொங்கிய ரப்பர் தொட்டியைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார்.

"இது எதுக்கு?"

"தண்ணி குடிக்கிறதுக்குங்க" என்றாள் சி.ஐ.டி. "இதுக்கும் மூடி போடணுமா?"

ஆய்வாளர் வெகுநேரம் யோசித்தார். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒன்று இருப்பதாக அவருக்கு நினைவில்லை. ஜீப் நான்கு மூடிகளோடும் ஒரு தொட்டியோடும் மலைக்குப் புறப்பட்டது.