நிகரிலியார் பாடாத பாட்டு

வெள்ளாற்றின் மேல் அந்தி மயங்கி, கிழக்கே எழுந்த முழுமதி கோட்டை மதிலின் நிழலை நீரில் நீளக் கிடத்தியிருந்த வேளையில், கைகள் கட்டுண்ட ஒருவர் கோட்டைத் தலைவர் வாணாதரையர் முன் நிறுத்தப்பட்டார். அவர்தாம் செவ்வூர்ப் புலவர் நிகரிலியார். வாசகர்களே, இது நமக்குத் தெரியும். கோட்டையில் எவருக்கும் தெரியாது. அவருடைய பாட்டு ஆறு கடந்திருந்தது, முகம் கடக்கவில்லை.

எதிரிக் கரையிலிருந்து வந்த ஓடத்தில் இறங்கியவரை ஒற்றன் என்று பிடித்துவிட்டார்கள். ஒற்றனுக்கு விடிந்தால் கழு. மூன்று முறை பெயரைச் சொன்னார். மூன்று முறையும் காவலர் சிரித்தார்கள். நிகரிலியார் பல்லக்கில்தான் வருவாராம், இப்படி ஒல்லியாகவும் இருக்கமாட்டாராம். இருபது ஆண்டு சேர்த்த புகழ் தம்மையே வாசலில் நிறுத்தி யாரென்று கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

வாணாதரையர் நியாயஸ்தர். "நிகரிலியாரின் பாட்டொன்று இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது. முதல் அடி நான் சொல்கிறேன். அடுத்த அடியை நீர் சொல்லும். 'ஓடுவது ஆறு, இளைப்பது கரை.'"

புலவர் அதைக் கேட்டதே இல்லை. அப்போது அருகிலிருந்த திரைக்குப் பின்னே ஒரு பெண்குரல் அவருக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தது: "வாடுவது நான், வளர்வது பிறை."

திருப்பிச் சொன்னால் போதும், உயிர் மிஞ்சும். ஆனால் அதன்பின் அந்த உயிரை வைத்துக்கொண்டு எந்த மெய்யைப் பாடுவது?

"அது என் பாட்டல்ல," என்றார் சலிப்போடு. "இரண்டாம் அடியில் பிறை எதற்கு? கைக்கு அகப்பட்டதை இழுத்து வைத்திருக்கிறார்கள். முதல் அடி..." சற்று நிறுத்தினார். "அது நான் எழுதியிருக்க வேண்டியது. எழுதவில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்."

இழுத்துப் போகும்படி தலைவர் காவலரை நோக்கிக் கையசைத்தார். அதற்குள் திரை விலகியது. வெளியே வந்தவள் தலைவரின் தங்கை உமையாழ்வி.

"அண்ணா, பாட்டு என்னுடையது. என் பெயரில் சொன்னபோது தாங்கள் கொட்டாவி விட்டீர்கள். நிகரிலியார் பெயரில் சொன்னேன், கோட்டையே பாடிற்று."

"அப்படியானால் இவர் யார்?"

"அது நிகரிலியார் பாட்டல்ல என்று அறிந்தவர் உலகில் இருவர்தாம். ஒருத்தி நான்."

வாணாதரையர் தாமே எழுந்து புலவரின் கட்டை அவிழ்த்தார்.

புலவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "இனி அந்த அடி எங்கே ஒலித்தாலும் தங்கள் பெயரோடுதான் ஒலிக்கும், தேவி. என் தமிழ்மேல் ஆணை. பிறையை மட்டும் மாற்றிவிடுங்கள்."

"மாற்றமாட்டேன்," என்றாள் உமையாழ்வி.