அப்பளத்தைப் பறித்தவன்

“அப்பளம், கதவைத் திறடா கண்ணு!”

ஷகிலா கூப்பிட்டதுதான் தாமதம், அந்தப் போர்விமானம் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு கண்ணாடி மூடியைத் திறந்தது. பணியாளர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மதிவாணனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவனுடைய விமானத்தின் பெயர் ‘இடிமுரசு’. தலைநகரத்துப் பெயர்க்குழு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வைத்தது. ஷகிலாவுடையதற்கும் ‘வான்கோடரி’ என்று கம்பீரமான பெயர் உண்டு. யார் சொன்னார்கள் அதை? ஓடுபாதையில் நொறுநொறுவென்று சத்தம் போடுகிறதே என்று பணியாளர்கள் அப்பளம் என்றார்கள், ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயரை அவர்கள்தான் வைக்க வேண்டும். விமானி தானே வைத்துக்கொள்வது படையில் மானக்கேடு.

முன்பு இதெல்லாம் வெறும் கேலி. விமானங்களுக்குச் ‘செவிமனம்’ என்ற, கேட்கவும் பேசவும் தெரிந்த கருவியைப் பொருத்திய பிறகு கதையே மாறிவிட்டது. கூப்பிடும் குரலிலுள்ள பிரியத்தை அது உணரும். பிரியம் கேட்டுப் பழகிய விமானம் கட்டளைக்குச் சட்டென்று இணங்கும். அப்படி இணங்குவதுதான் படையணியின் முன்னால் பறக்கும். மதிவாணன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஏங்கிய இடம் அது. நேற்று வந்த ஷகிலா தட்டிக்கொண்டு போவதா?

தலைமைப் பணியாளர் பீட்டருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பார்த்தான்.

“என்னோடதுக்கும் ஒரு பேர் வைங்க பீட்டர்.”

“அது தானா வரணும் சார். வைக்கணும்னு உட்கார்ந்தா நாங்களும் கமிட்டி ஆயிடுவோம்” என்ற பீட்டர், பிரியாணியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியில் மதிவாணன் தன் ஸ்குவாட்ரன் லீடர் பதவியையும் பணிமூப்பையும் காட்டி, மேலதிகாரியிடம் அப்பளத்தையே கேட்டு வாங்கிவிட்டான். ஷகிலாவுக்குக் கண் கலங்கியது.

“காலையில கொஞ்சம் முரண்டு பண்ணும் சார். அதட்டிடாதீங்க.”

இடிமுரசு அவளிடம் போனது. அதன் சக்கரத்தருகே எண்ணெய் வடிவதைப் பார்த்த பீட்டர், “வடை மாதிரில்ல எண்ணெய் விடுது!” என்றார். அவ்வளவுதான், தளம் முழுக்க வடை, வடை என்று ஒரே கொண்டாட்டம். முன்னணித் தேர்வில் வடை முதலாவதாக வந்தது. அப்பளத்தை இப்போது மதிவாணன் ஒருவன்தான் கூப்பிட்டான், அதுவும் அதட்டலாக. தேர்வில் அது கடைசி.

அவன் அப்பளத்தின் இருக்கையில் உட்கார்ந்து குமுறினான். “அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு? அதே பேரைச் சொல்லித்தானே நானும் கூப்பிடறேன்?”

“தெரியலை சார்” என்றது விமானம். “ஆனா நாங்க விமானங்க எங்களுக்குள்ள பேசிக்கும்போது அவங்களைச் சுண்டெலின்னு சொல்லுவோம். பீட்டர் எங்களுக்குத் தொப்பை.”

மதிவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சுண்டெலியோ, பெருச்சாளியோ, எதுவானாலும் சரி.

“என்னை?” என்றான்.

“ஸ்குவாட்ரன் லீடர் மதிவாணன், சார்.”