டீச்சரின் குரல் காணாமல் போன மதியம்

மதியம் மூன்று மணிக்கு டீச்சரின் குரல் காணாமல் போனது தெரியவந்தது.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சரால் பேச முடியாது. அதற்கு முன்பே தன் குரலை ஒரு பழைய புரோகிராமில் பதிந்து வைத்திருந்தார். தட்டச்சு செய்தால் அது அவர் குரலிலேயே பேசும். வெளியூரில் இருக்கும் மகளுக்கு இன்று ஐந்து மணிக்கு இதயத்தில் ஆபரேஷன். உள்ளே போகுமுன் அம்மா குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஒத்திகை பார்க்கலாம் என்று டீச்சர் ஐகானைச் சொடுக்கினார். சுட்டி கொஞ்சம் சுற்றிவிட்டுச் சும்மா நின்றது. நேற்று மாலை வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த புரோகிராம்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண் வந்தாள். அவளுக்குத் தெரு வைத்த பெயர் துப்பு. மெஷின் தானாகக் கெடாது, யாரோ எதையோ செய்திருக்கிறார்கள் என்பது அவளுடைய கட்சி. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கணினியைப் பார்க்குமுன் ஆட்களைத்தான் பார்ப்பாள். டீச்சர் கையில் சிலேட்டோடு நின்றார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர், சன்னலோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

போனில் மகனைப் பிடித்தார்கள். இந்தக் கணினியை வாங்கி வைத்தவன் அவன்தான். இதன் இயங்குதளம் வேறு. அம்மாவின் புரோகிராமுக்கு அதன் பாஷை தெரியாது. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்கிறது. வீட்டில் அதற்குத் துபாஷி என்று பெயர். எது கெட்டாலும் பழி துபாஷி தலையில்தான் விழும். அவனும் அதையே சொன்னான். மெஷின் மெதுவாகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாக நேற்று ராத்திரியே சொன்னேனே என்று சலித்துக்கொண்டான்.

"அழிக்காம சரி பண்ண முடியாதாம்மா?" என்றார் டிரைவர்.

"பாக்கறேன் சார். நீங்க இதுல ஏதாவது செஞ்சீங்களா?"

"நானா? மவுஸைக்கூடத் தொட்டதில்ல."

துப்பு உட்கார்ந்தாள். முதலில் துபாஷிக்குப் புதிதாக ஒரு காலி ஃபோல்டர் போட்டு, புரோகிராமை அதில் நிறுவிப் பார்த்தாள். ஜம்மென்று திறந்தது. டீச்சர் ஆசையாக ஒரு வார்த்தை தட்டினார். புரோகிராமோடு வந்த யாரோ ஒரு ஆள் கட்டைக் குரலில் வணக்கம் சொன்னான். டீச்சர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒன்று தெளிவாயிற்று: புரோகிராம் நிரபராதி, துபாஷியும் நிரபராதி. வம்பு, டீச்சரின் குரல் இருக்கும் பழைய ஃபோல்டரில்.

ஐகானைச் சொடுக்கினால் காரணம் தெரியாது. கட்டளை தட்டும் கறுப்புத் திரையிலிருந்து ஓட்டினால் துபாஷி வாய் திறக்கும். ஓட்டினாள். ஒரே வரி வந்தது: இந்த ஃபோல்டர் உங்களுடையது அல்ல.

மணி நாலேகால். டிரைவர் மறுபடியும், அழித்துவிடுவார்களா என்று கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். மனைவிக்குக் குரல் வருமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. துப்புக்கு அது உறுத்தியது.

ஃபோல்டரின் உரிமையாளர் பெயரைப் பார்த்தாள். டீச்சர் இல்லை, கணினியின் நிர்வாகி என்று இருந்தது. நேற்று ராத்திரி மாற்றியிருக்கிறார்கள். வேறு எதற்காவது அப்படி இருக்கிறதா என்று தேடினாள். குடும்பப் போட்டோக்கள் இருந்த ஃபோல்டர் மட்டும் போன மாதத்திலிருந்து அதே பூட்டோடு இருந்தது. போட்டோவைப் பூட்டியது யார் என்று மகனை மறுபடி போனில் கேட்டாள்.

"அப்பாதான். பேரன் ஒரு தடவை போட்டோவை எல்லாம் அழிச்சுட்டான். யாரும் தொட முடியாதபடி பண்றது எப்படின்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

துப்பு போனை வைத்தாள். மவுஸைக்கூடத் தொடாதவரின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"சார், குரலைப் பூட்டினது நீங்கதான். ஃபோல்டர் தன்னை ஓட்டற ஆளோடதா இல்லைன்னா துபாஷி உள்ளேயே போகாது. போட்டோவுக்கு இந்தப் பூட்டு சரி. இதுக்கு ஆகாது."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து ராத்திரி பையன் எல்லாத்தையும் அழிக்கறேன்னு சொன்னான். அவ குரல் வேற எங்கயும் இல்லம்மா. பத்திரமா இருக்கட்டும்னுதான் பண்ணேன். இப்படி ஆகும்னு தெரியாது. அவ முகத்தைப் பாத்ததும் சொல்லவும் தைரியம் வரல."

அவரிடமே கடவுச்சொல் வாங்கி, உரிமையை டீச்சர் பெயருக்கே மாற்றினாள் துப்பு. கையோடு குரலை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து டிரைவரிடம் கொடுத்தாள். யார் எதை அழித்தாலும் இனி இது உங்களிடம் இருக்கும் என்றாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

டீச்சர் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டினார். அறையில் அவர் குரல் எழுந்தது.

"நான் இருக்கும்போதே எதுக்குங்க என்னை எடுத்து வைக்கிறீங்க?"

டிரைவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நாலே முக்காலுக்கு மகளின் அழைப்பு வந்தது. பின்னால் நர்ஸ் அவசரப்படுத்துவது கேட்டது. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா. டீச்சர் ஏற்கெனவே தட்டி வைத்திருந்ததை ஓடவிட்டார்.

"அம்மா இங்கதான் இருக்கேன்டி கண்ணு. தைரியமா போயிட்டு வா."

அந்தப் பக்கம் மகள், நர்ஸிடம் ஒரு நிமிஷம் என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

டீச்சர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.