சுவர் தொடாத கூண்டு

மத்தியானம் இரண்டரைக்குக் கரண்ட் போனது. எண்ணூர் ஆய்வுக்கூடத்தின் உள்ளறையில் விசிறி நின்றது, பம்பு நின்றது, விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியின் முனகல் மட்டும் நிற்கவில்லை.

ஹென்றிக்கு விளங்கவில்லை. காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்துக்குள் ரேடியத்தின் மின்னேறிய அணுக்களைச் சுவரில் படாமல் நடுவெளியில் மின்விசையால் பிடித்துவைத்து, சிறிது குளிர்வாயு விட்டு அவற்றின் துள்ளலை அடக்கி, எடையை நுட்பமாக அளப்பது அவன் வேலை. அவை உள்ளே சிக்கியிருக்கும்வரை ஒலிபெருக்கி முனகும். கரண்ட் போனால் அவை சிதறிவிடும்; முனகலும் அடங்கும். ஏழு வருஷமாக அப்படித்தான்.

ஜன்னல் வழியே உப்பங்கழியின் சேற்று நாற்றமும் நிலக்கரிப் புகையும் வந்துகொண்டிருந்தன. காலையில் கேட்டருகே சிவந்தி நின்றிருந்தாள். இதே ஆய்வுக்கூடத்தில் ரேடியக் குப்பி இடுக்கியிலிருந்து நழுவி உடைந்து, கை வெந்து, மூன்றே மாதத்தில் செத்துப்போன சுயம்புவின் மனைவி. பிடி தளர்ந்த இடுக்கியை மாற்றித் தரும்படி சுயம்பு இரண்டு முறை கேட்டது ஹென்றிக்குத் தெரியும். இருந்தும், அன்று சுயம்பு குடித்திருந்தான் என்று அதிகாரி வரதன் எழுதி நீட்டிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் ஹென்றிதான். எமர்ஜென்சி காலம், மறுத்திருந்தால் வேலை போயிருக்கும். அந்தத் தாளைக் காட்டித்தான் அவளைக் குவார்ட்டர்ஸிலிருந்து கிளப்பினார்கள்.

"அன்னிக்கு அவரு குட்ச்சிட்டு வந்தாரா? நீ பாத்தியாண்ணே?"

அவ்வளவுதான் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான்.

இப்போது ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினான். முனகல் நிற்கவில்லை. பெட்டியில் காதை வைத்தான். சத்தம் அங்கிருந்து வரவில்லை. அவன் பல்லிடுக்கிலிருந்து வந்தது. வாயை இறுக மூடினான். இன்னும் பலத்தது.

சித்திரை வெயிலில் அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

கதவு மூன்றடி தூரம். எட்டு வைத்தான். கால் தரையில் படவில்லை. மேஜையைப் பிடிக்கக் கை நீட்டினான். எட்டவில்லை. சுவர் எட்டவில்லை. கத்தினான். முனகல்தான் வந்தது. குளிர். உடல் முழுக்க ஒரே சீரான நடுக்கம்.

அப்போதுதான் பார்த்தான்.

எதிரே, அதே உயரத்தில், தோல் உரிந்த கைகளைத் தொங்கவிட்டபடி, சுயம்பு நடுங்கிக்கொண்டிருந்தான். கண் இமைக்காமல் ஹென்றியையே பார்த்தபடி.