இல்லாத இன்ஸ்பெக்டர்

ஒட்டகம் கத்தவில்லை.

பாதையின் விளிம்பில் நின்றிருந்தான். அடுத்த நொடி அங்கே அவன் இல்லை. கீழே கற்கள் உருண்டன... பிறகு அதுவும் நின்றது.

அவன் முதுகிலிருந்து விலகிய கையைக் குருவி பார்த்தாள்.

கோச்சின் கை!

அவள் வளைவுக்கு இந்தப் பக்கம், ஷூவுக்குள் புகுந்த கல்லை எடுக்கக் குனிந்திருந்தாள். ஷூவை மாட்டினாள். முடிச்சுப் போடாமலே நிமிர்ந்தாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று பேரும் இரண்டு இரவுகளாகத் தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் நூறு மைல் மலை ஓட்டம். அதற்கான கடைசிப் பெரிய பயிற்சி இது. ஒட்டகம் போன வருடத்துச் சாம்பியன். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மலை ஏறுவான் என்பதால் அந்தப் பெயர். எடையே இல்லாததால் இவள் குருவி. கோச்சுக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைக்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஐம்பதைத் தாண்டியும் மாணவர்களோடு கூடவே ஓடுகிறவர்.

வளைவைத் தாண்டி வந்தார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"ஒட்டகம் எங்க கோச்?"

"வயிறு சரியில்லயாம். குறுக்கு வழியா இறங்கிட்டான். வா, உடம்பு ஆறிடப் போவுது."

அந்தப் பக்கம் குறுக்கு வழியே கிடையாது.

அவள் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"விழுந்த மாதிரி... இருந்துச்சு."

கோச் சிரித்தார். அன்பான சிரிப்பு.

இரவு மரத்தடியில் ஃபிரிட்ஜ் இருப்பதாக அவள் சொன்னதை நினைவுபடுத்தினார். கதவைத் திறக்கப் போனதையும்தான். தூக்கம் கெட்டால் கண் பொய் சொல்லும். நெடுந்தூரம் ஓடுகிற எல்லோருக்கும் வருவதுதான். தனக்கு எப்போதும் செத்துப்போன மாமியார்தான் வருவார் என்றார். நேற்றுகூடப் பாறை மேல் உட்கார்ந்து முறைத்தாராம். கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடினால் தானே போய்விடுவாராம்.

"உயிரோட இருந்தப்ப என்ன சொன்னாலும் போகல," என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இப்ப சொல்லு. நீ பாத்தது என்ன?"

"மாயை, கோச்."

"நல்ல பொண்ணு. நீ முன்னால போ."

முன்னால்...

பாதை ஒரு ஆள் அகலம். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

குருவி ஓடினாள். பின்னால் அவருடைய காலடி. அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூடியது. குறைத்தால் குறைந்தது. அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த கால்கள் அவை. போன் இல்லை, பயிற்சியில் போன் கூடாது என்பது கோச்சின் சட்டம்.

ஏன் தள்ளினார் என்பது அவளுக்குத் தெரியும். நேற்று ஓடைக்கரையில் ஒட்டகம் சொன்னான். கோச் போடும் சத்து ஊசி சத்து ஊசி இல்லையாம். தடை செய்த மருந்தாம். கீழே இறங்கியதும் போட்டிக் குழுவிடம் சொல்லப் போவதாக அவரிடமே சொல்லிவிட்டானாம். அந்த ஊசி அவள் கையிலும் ஏறியிருந்தது.

கீழே போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் ஃபிரிட்ஜ் கதையைச் சொல்வார். அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அந்தக் கையை உண்மையிலேயே பார்த்தாளா?

வெயில் ஏறியது. பாதை மலையைச் சுற்றி இறங்கியது.

"குருவி."

"கோச்."

"நேத்து ஓடையில ஒட்டகம் உங்கிட்ட என்ன பேசுனான்?"

"கால்ல கொப்புளம்னான்."

"கொப்புளத்துக்கு அவ்வளவு நேரமா?"

அவள் முதுகில் ஓர் உள்ளங்கை பதிந்தது.

"தோளத் தளர்த்து. இறுக்கமா ஓடுற."

கை விலகவில்லை. ஓடிக்கொண்டே அதை அங்கேயே வைத்திருந்தார்.

"ஏன் நடுங்குற?"

"குளிருது, கோச்."

அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

வளைவு திரும்பியது.

பாதை நடுவே ஒரு பாறை. அதன் மேல் சீருடையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

முதுகிலிருந்து கை விழுந்தது. கோச் நின்றார்.

ஓடிப்போய்க் காலில் விழலாமா? ஒட்டகம் தவறி விழுந்தான், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார் கோச். மழுப்ப அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

அவள் காதருகே அவர் குரல் வந்தது. முதல் முறையாக அதில் பயம் இருந்தது.

"அந்தப் பாறை மேல... உனக்கு யாராவது தெரியுறாங்களா?"

குருவி பார்த்தாள். இன்ஸ்பெக்டரும் அவளையே பார்த்தார்.

ஒரே ஒரு பொய். பிசகினால் அடுத்த வளைவு அவளுக்கு இல்லை.

"இல்லையே கோச். வெறும் பாறைதான்."

இன்ஸ்பெக்டரின் தாடை நின்றது. குருவி கண்ணாலேயே கெஞ்சினாள். தாடை மறுபடி அசையத் தொடங்கியது... மிக மெதுவாக.

கோச் நீண்ட மூச்சு விட்டார்.

"அப்பாடா. மாமியாருக்கு இன்னிக்கு லீவு போல. வேற ஆள அனுப்பியிருக்கா."

மூன்று பேர் மேலே போனீர்களாமே, இன்னொருவர் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கீழ," என்றார் கோச்.

"எப்படிப் போனார்?"

"நான்தான் அனுப்பி வெச்சேன்."

மனசுக்குள் பேசுவதாக நினைத்திருக்க வேண்டும். சத்தமாகவே வந்தது. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்தபடி, ஈ ஓட்டுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டு பதில் சொன்னார். ஊசியைப் பற்றி வெளியே சொல்வேன் என்றானாம். மருந்துக் குப்பிகள் முதுகுப் பையில்தான் இருக்கின்றனவாம்.

"இந்தப் பொண்ணு?"

"இவளுக்கும் தெரியும். அடுத்த வளைவுல இவளையும் அனுப்பிடுவேன். போதுமா? நீ போ."

இன்ஸ்பெக்டர் போகவில்லை. எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கோச்சின் மணிக்கட்டைப் பிடித்தார்.

க்ளிக்.

கோச் விலங்கைப் பார்த்தார். இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தார்.

"குருவி... இது?"

"அது நெஜம், கோச்."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

விறகு பொறுக்க வந்தவர்கள் பார்த்தார்களாம். கீழே ஒரு முள்மரத்தில் ஒருவன் சிக்கிக் கிடந்தானாம். மூச்சு இருக்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். கூட வந்தவர்களை விசாரிக்கத்தான் மேலே ஏறினாராம்.

"சாகலையா?" கோச்சின் உதடு உலர்ந்தது. பிறகு முகம் மெல்லப் பழைய முகமானது. "பரவால்ல. நான் சொன்னது எதுவும் செல்லாது. தூக்கம் கெட்டவன் பேச்சு. எல்லாம் மாயைன்னு கோர்ட்டுல சொல்லுவேன்."

இன்ஸ்பெக்டர் கோச்சின் பையிலிருந்து குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மிச்ச வெள்ளரிக்காயைக் கடித்தார்.

"தாராளமா சொல்லுங்க சார். லாக்கப் கம்பியும் மாயைதான். கண்டுக்காம நடுவுல நடந்து வந்துடுங்க."