எட்டு நொடி தாமதம்

வாத்தியார் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். மடிக்கணினித் திரையின் மூலையில் தெரிந்த அவருடைய முகம் மட்டும் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

வயர் இல்லாத அந்த இணையப் பெட்டி வந்து மூன்று நாளாகிறது. ஏழு நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தந்துவிடலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கணக்கு டியூஷனுக்கும், வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மனைவியோடும் மகளோடும் பேசுவதற்கும் அவர் நம்பியிருந்தது அதைத்தான். வந்த நாள் முதல் ஆமை வேகம்.

"ஜன்னல் பக்கமா வச்சுப் பாருங்க சார்" என்றாள் போனில் சேவை மையத்துப் பெண்.

அலமாரியின் மேல், கட்டிலின் தலைமாட்டில், சமையலறை மேடையில் என்று வீடெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார். இடம் மாற மாறத் தாமதம்தான் கூடியது. நாலு நொடி எட்டானது. பிற்பகல் வெயில் திரைச்சீலை ஓரமாக வழிந்து தரையில் கோடாகக் கிடக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடை அறையெங்கும் பரவ, பெட்டிக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஒரு மெல்லிய இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

மனைவி அழைத்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறியது.

"என்னங்க, நீங்க ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும் போல."

சிரித்துக்கொண்டே எழுந்து பெட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திரையில் அவர் எழவில்லை. எட்டு நொடி காத்திருந்தார். இருபது. ஒரு நிமிடம்.

திரையிலிருந்தவர் உட்கார்ந்தே இருந்தார்.

"ஆங், இப்ப பளிச்சுனு இருக்கு. அப்படியே இருங்க" என்றாள் மனைவி.

"சரி" என்றது அவருடைய குரல். அவர் வாயைத் திறக்கவே இல்லை.

"நான் இங்க இருக்கேன். ஜன்னல்கிட்ட" என்று கத்தினார்.

"அது என்னங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டு டிவி" என்றது திரையிலிருந்த முகம்.

பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது. அழைப்பு நிற்கவில்லை.

மேசைக்கு ஓட நினைத்தார். கால் நகரவில்லை. எட்டு நொடி கழித்துப் பாதி அடி நகர்ந்தது.

மகள் திரைக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, உங்க பின்னாடி யாரோ அழுறாங்க."

"அழட்டும் குட்டி. கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"அம்மா, சொல்லிடவா? அப்பா, நாங்க லீவு போட்டுட்டு வந்துட்டோம். நம்ம தெருமுனையிலதான் இருக்கோம்."

"வாங்க. கதவைத் திறக்கிறேன்."

திரையில் அவர் எழுந்தார். அறையில் வெறும் நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. காலடி ஓசை. தாழ்ப்பாள்.

வெளியே கார் நின்றது. மகள் ஓடி வந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். உதடு அசையவில்லை.

வாசலில் நின்றதைக் கழுத்தோடு கட்டிக்கொண்டாள் மகள். "இளைச்சுப் போயிட்டீங்களே" என்று பின்னாலேயே வந்த மனைவி அதன் கன்னத்தைத் தடவினாள். மகளின் தோளுக்கு மேலாக அவருடைய முகம் திரும்பி, ஜன்னலோரம் நின்ற அவரையே பார்த்தது. மெதுவாகக் கை நீட்டி அவர் இருந்த அறையின் கதவைச் சாத்தியது.

எட்டு நொடி கழித்து அவருடைய உதடு பிரிந்தது.